ஒரு சாதிச் சான்றிதழும் ஒரு கேடயமும்

பழங்குடி மக்களிடையே செய்த தொண்டுக்காக எங்கள் பல்கலைக்கழகம் எனக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு கேடயம் கொடுத்தது. இருளர் குழந்தைகளுக்கு நான் கல்வி ஒளி ஏற்றியதாகவும், அந்த மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டியதாகவும் அறிமுக உரையில் சொன்னார்கள். ஒளி ஏற்றியதாக எனக்கு நினைவில்லை. நான் செய்ததில் பெரும்பகுதி ஜெராக்ஸ் எடுத்தது, வரிசையில் நின்றது, அதிகாரி வரும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. இதையெல்லாம் மேடையில் வாசித்தால் கைதட்டல் வராது என்பதால் எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஜூனியர் மாணவர்கள் பலர் என்னிடம் வந்து, "அக்கா, நாங்களும் பழங்குடி ஊர்களுக்குப் போகிறோம், என்ன சொல்லிக்கொடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நேரில் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்குள் வந்தது நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) வழியாக. காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட திட்டம் அது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, இடையில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது கணக்கு. எங்கள் முகாம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ஓர் ஊராட்சியில் நடந்தது. பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்தோம், சீமைக் கருவேலம் வெட்டினோம். ஏரிக்கரைக்கு அப்பால் இருந்த இருளர் குடியிருப்பு வழியாக, சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி ஊர்வலம் போனோம். அந்தக் குடியிருப்பில் குழாய் கிடையாது.

முகாம் முடியும் நாளில் அங்கிருந்த ஓர் அக்கா எங்களிடம் வந்தார். எட்டாம் வகுப்புவரை படித்தவர்; குடியிருப்பில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். "என் மகள் பத்தாவது படிக்கிறாள். சாதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். உங்களில் யாருக்காவது அதற்கு எழுதிப்போடத் தெரியுமா?" என்று கேட்டார். ஐம்பது பட்டப்படிப்பு மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் எல்லோருக்கும் அப்பாக்கள் வாங்கித் தந்திருந்தார்கள்.

பழங்குடி என்றால் மலையும் காடும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். கோவை, நீலகிரிச் சரிவுகளில் இருளர் இருக்கிறார்கள்தான். ஆனால் திருவள்ளூர் தொடங்கி செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் வரை ஏரிக்கரையிலும் சவுக்குத் தோப்போரத்திலும் கழிமுகத்திலும் பரவி வாழ்பவர்களும் அவர்களே. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7.94 லட்சம் பேர், மொத்த மக்கள்தொகையில் 1.1 சதவீதம். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிக்கு அடுத்த பெரிய சமூகம் இருளர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து, மிகவும் நலிவுற்ற பழங்குடி என்று ஒன்றிய அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களில் இவர்களும் உண்டு. இவர்களில் பலரின் பிழைப்பாக இருந்த பாம்புத்தோல் வணிகம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முடங்கியது. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் இன்றும் இருளர்கள் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து நஞ்செடுத்துக் கொடுக்கிறார்கள். நாடு முழுக்கப் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது என்ற சொல்லுக்கு அது பொருந்தும்.

நான் போன குடியிருப்பில் ஆண்கள் சவுக்கு வெட்டப் போவார்கள். பெண்கள் கால்வாயில் இறங்கி இறால் தடவுவார்கள். வலை கிடையாது. இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டு விரலால் துழாவ வேண்டும். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்பார்கள். சேற்றில் கிளிஞ்சலும் ஆளியும் உண்டு, விரல் நுனியெல்லாம் கீறலாக இருக்கும். இது வெறும் வருணனை இல்லை. ரேஷன் கடையிலும் ஆதார் மையத்திலும் அந்த விரலைத்தான் கருவியின் மேல் வைக்கச் சொல்கிறார்கள். ரேகை பதியாது. துடைத்து வைத்தாலும் பதியாது. அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரமும் அதே விரல்தான். கண் கருவிழியைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, அதைக் கேட்கலாம் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு மையத்தில் கேட்டால் "அந்தக் கருவி வேலை செய்யவில்லை" என்பார்கள். வேறு எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த வட்டாரத்தில் கருவிழி பதியும் மையம் எது என்று கண்டுபிடித்ததுதான் நான் அந்த மக்களுக்குச் செய்த முதல் உருப்படியான காரியம்.

சாதிச் சான்றிதழுக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். அந்த ஒன்றைத் தொட, பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டும்போது கையில் சான்று இருக்க வேண்டும். கல்லூரிக் கலந்தாய்வுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் அதுவே அடிப்படை. மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்திலேயே கிடைத்துவிடும் இந்தச் சான்றை, பழங்குடியினருக்கு 1989 முதல் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர முடியும். போலிச் சான்றுகளைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. நோக்கம் சரிதான். ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று நான்கு மேசையைத் தாண்ட வேண்டியிருப்பது, அந்தச் சான்று யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே. ஒரு நாள் அலுவலகம் போனால் ஒரு நாள் கூலி போகும்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க ஆதார், குடும்ப அட்டை, தந்தையின் சான்று, பள்ளி ஆவணம் எல்லாம் கேட்பார்கள். தந்தைக்கே சான்று இல்லாத வீட்டில் என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் செத்துப்போகின்றன. ஆவணங்கள் இருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆதாரில் கன்னியம்மாள், குடும்ப அட்டையில் கன்னியம்மா. கன்னியம்மன் இவர்களின் தெய்வம் என்பதால் பத்து வீட்டில் நான்கு கன்னியம்மாள், மூன்று கன்னியப்பன் இருப்பார்கள். ஒருவர் காகிதம் இன்னொருவர் பையில் இருக்கும். பிறந்த தேதி என்பது ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது தலைமையாசிரியர் வயது சரிவர வைத்துக் கொடுத்தது. ஆதாரில் அதுவும் இல்லாமல் வருடம் மட்டும் இருக்கும்.

ஆகவே தன்னார்வலராகப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு நீள நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். யார் யார், எந்த ஆவணம் இருக்கிறது, அதில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, எழுத்துக்கு எழுத்து. இதைக் கணினியில் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். போடுங்கள், ஆனால் நோட்டு குடியிருப்பிலேயே இருக்கட்டும். நம் மடிக்கணினியில் இருப்பது நமக்குத்தான் உதவும். மூலச் சான்றுகளை எக்காரணம் கொண்டும் நாம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஓலைக்கூரையில் மழையும் எலியும் காகிதத்தைத் தின்றுவிடும் என்பதால் நல்ல பிளாஸ்டிக் உறை வாங்கிக் கொடுக்கலாம். அந்தச் செலவு, ஒரு முகாமுக்கு நாங்கள் அடிக்கும் பேனர் செலவில் கால்வாசிகூட வராது.

பிறந்த குழந்தைகளின் பெயரைப் பதிவு செய்வதை உடனே ஆரம்பிக்கலாம், அது சுலபம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், அங்கேயும் அதே மேசை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பிறப்பு பதிவாகியிருக்கும், பெயர் மட்டும் வெற்றிடமாக இருக்கும். அதைச் சேர்க்க ஓர் ஆண்டுவரை கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு, பள்ளியில் சேர்ப்பது உட்பட எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றுதான் வயதுக்கு ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அக்காவின் மகள் பட்ட பாட்டை இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தை படாமல் இருக்க வேண்டுமென்றால் இதைச் செய்தாக வேண்டும்.

அக்கா மகளின் விண்ணப்பம் முதல் முறை திருப்பி அனுப்பப்பட்டது. காரணம், விசாரணைக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. முன்பணம் வாங்கிய தகப்பன் குடும்பத்தோடு சவுக்கு வெட்ட வெளியூர் போயிருந்தார். பொங்கலுக்குப் பிறகு செங்கல் சூளைக்கும் இப்படித்தான் வீடு வீடாகக் கிளம்பிவிடுவார்கள். அந்த மாதங்களில் பொதுத்தேர்வும் வரும், சான்றுக்கான அவசரமும் வரும். கோப்பில் "குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை" என்று எழுதினால் அது பொய்யும் இல்லை. இதற்கு நாங்கள் கண்ட வழி, விண்ணப்பத்தை மழைக்காலத்தில் போடுவது. அப்போது வெளிவேலை குறைவு, ஆட்கள் ஊரில் இருப்பார்கள். கல்லூரிப் பருவத்தேர்வு அட்டவணையை வைத்து நம் வசதிக்கு வேலையைத் திட்டமிட்டால் ஒன்றும் நடக்காது.

முன்பணம் என்று சொன்னேன். அதை அடைக்க முடியாமல் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் குடும்பங்களைப் பார்க்க நேரலாம். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை குற்றம். அதற்காக நாமே சூளைக்குள் போய் முதலாளியிடம் வாக்குவாதம் செய்யக் கூடாது. நாம் பஸ் ஏறி வந்துவிடுவோம், அடி வாங்குவது அவர்கள். மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தகவல் போக வேண்டும். இந்தப் பகுதிகளில் நீண்டகாலம் வேலை செய்யும் பழங்குடிச் சங்கங்கள் இருக்கின்றன, அவர்களைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். குழந்தைகள் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

இரண்டாம் முறை விசாரணை ஓர் அலுவலகத்தில் நடந்தது. அங்கே ஓர் அலுவலர் அந்தப் பெண்ணிடம், "இருளர் என்கிறாயே, பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அவள், "எனக்குப் பாம்பென்றால் பயம் சார்" என்றாள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாத்தா நெசவாளர். சான்று வாங்கப் போனபோது என் அப்பாவைத் தறியில் உட்காரச் சொல்லி யாரும் சோதிக்கவில்லை. பாம்பு, எலி என்று கேட்பது இந்த மாவட்டங்களில் பழகிப்போன சங்கதி என்று பிறகு பல குடியிருப்புகளில் சொன்னார்கள். அங்கே சண்டை போடாமல் இருந்தது அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டதால்தான். வெளியே வந்ததும் சொன்னார்: "நீ பேசிவிட்டுப் போய்விடுவாய் பாப்பா. இந்த அலுவலகத்துக்கு நான் நாளைக்கும் வர வேண்டும்." எப்போது குரல் உயர்த்துவது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும் என்பதை அன்றிலிருந்து விதியாக வைத்துக்கொண்டேன்.

தேவைப்பட்டது தகப்பன் வழி ரத்த உறவில் ஒருவரின் சான்று. யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. பங்காளிகள் மூன்று மாவட்டத்தில் சிதறிக் கிடந்தார்கள், பாதிப் பேரிடம் போன் இல்லை. அக்கா பதறவே இல்லை. "மாசி மகத்துக்கு எல்லோரும் வருவார்கள், அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

மாசி மாதப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடுவதை நான் செய்தித்தாள் படமாகத்தான் பார்த்திருந்தேன். நேரில் அது வேறு. மணலில் கம்பு நட்டு, சேலையைச் சுற்றித் தடுப்பு கட்டி, குடும்பம் குடும்பமாகத் தங்கியிருந்தார்கள். சேலைகளின் நிறத்தை வைத்தே எந்த ஊர்க்காரர்கள் எங்கே இறங்கியிருக்கிறார்கள் என்று அக்கா அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தார். விடியற்காலையில் ஈர மணலைப் படிபோலக் கட்டிக் கன்னியம்மனுக்குப் பூவும் வெற்றிலையும் வைத்தார்கள். பக்கத்திலேயே தாலி கட்டினார்கள், பிள்ளைக்கு மொட்டை அடித்தார்கள், பெண் கேட்டார்கள், பழைய கடனைப் பேசினார்கள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவின் பின்னால் நடந்தேன். ஒரு தாத்தா வேட்டி மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே அவர் மகனின் சாதிச் சான்று அட்டை, ஓரமெல்லாம் பழுப்பேறி, முத்திரை மட்டும் தெளிவாக. அந்த மகன் இந்தப் பெண்ணின் தகப்பனுக்குப் பெரியப்பன் பிள்ளை. "வம்ச வரிசை சொல்கிறேன், எழுதிக்கொள்" என்று ஐந்து தலைமுறைப் பெயர்களைத் தடுமாறாமல் சொன்னார். எந்த மேசையிலும் கிடைக்காத ஆவணம் அது. அதை எழுதி, அவரிடமும் இன்னும் இரண்டு பெரியவர்களிடமும் கைநாட்டு வாங்கி, அட்டையின் நகலோடு சேர்த்துக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகும் கோப்பு நகராமல் கிடந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினோம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இந்த எண்ணுள்ள விண்ணப்பம் இப்போது யாருடைய மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது" என்ற ஒரே கேள்வி. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. பதிலுக்கு முன்பே சான்றிதழ் வந்துவிட்டது. மனுவில் நியாயம், அநியாயம், வேதனை எதுவும் எழுதக் கூடாது என்பது இதில் கற்றது. தேதியும் மேசையும் கேட்டால் போதும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கைப்பேசி எண். இ-சேவைப் பதிவில் வரும் குறுஞ்செய்திகளும் கடவு எண்ணும் அந்த எண்ணுக்குத்தான் போகும். வசதிக்காக நம் எண்ணைக் கொடுத்துவிடுவோம். நாம் படித்து முடித்து வேறு ஊருக்குப் போனபின் அந்தக் குடும்பம் தன் விண்ணப்பத்தைத் தானே பார்க்க முடியாமல் நிற்கும். குடியிருப்பில் அடிக்கடி சிம் மாற்றாத ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். எங்கள் விஷயத்தில் அது அக்காவின் எண். இரண்டாம் பிள்ளைக்கு விண்ணப்பம் போட்டபோது அவரே மையத்தில் உட்கார்ந்து, "அந்தப் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று" என்று தட்டச்சு செய்பவரைத் திருத்தினார்.

பாடம் சொல்லிக்கொடுப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலையில் எழுத்துக்கூட்டிப் படிக்க வைக்க ஆள் வேண்டியதுதான். ஆனால் வாரம் தவறாமல் வர முடியாதவர்கள் அதைத் தொடங்கக் கூடாது. பிள்ளைகள் பழகிவிடுவார்கள், பிறகு நம் தேர்வு வந்துவிடும். 2021இல் மரக்காணம் அருகே தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் உள்ளூர்ப் பெண்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். தெருவில் இருப்பவர் காய்ச்சல் வந்தாலும் தெருவில்தான் இருப்பார்.

படம் எடுப்பதைப் பற்றிக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்கு அறிக்கை தர வேண்டும் என்பதற்காகக் குடிசை வாசலில் குழந்தையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். நான் அறிக்கையில் விண்ணப்ப எண்களின் பட்டியலை வைத்தேன். பேராசிரியர் முகம் சுளித்தாலும் ஏற்றுக்கொண்டார். பழைய துணி மூட்டை கொண்டுபோவதும் அப்படித்தான். வருகிற துணியில் பாதி கரித்துணிக்குத்தான் ஆகிறது என்று அக்கா சொல்வார், கோபமில்லாமல்.

விருது விழாவுக்கு அக்காவை அழைத்துவர அனுமதி கேட்டேன். பார்வையாளர் வரிசையில் இடம் தந்தார்கள். மேடையில் அவர் பெயரைச் சொல்ல அனுமதி கேட்டபோது, ஏற்புரைக்கு நேரமில்லை என்றார்கள். விழா முடிந்து கேடயத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், அடியில் பொறித்திருந்த என் பெயரை வாசித்து, "எழுத்துச் சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள், பிறகு திருத்த முடியாது" என்றார். எனக்குச் சாதிச் சான்றும் இந்தக் கேடயமும் நான் விண்ணப்பிக்காமலே கிடைத்தன என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் மகள் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். குடியிருப்பில் அடுத்த வேலை வீட்டுமனைப் பட்டா. அது சான்றிதழைவிடக் கடினம். வீடுகள் இருப்பது ஏரிப் புறம்போக்கில். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா தர முடியாது. எனவே அதே ஊராட்சியில் வேறு வகைப் புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று புல எண்ணோடு காட்டி மாற்று இடம் கேட்க வேண்டும். கால்வாயிலிருந்து தூரமாக இடம் கொடுத்தால் பெண்கள் இறாலுக்கு எப்படிப் போவது என்று குடியிருப்பில் இப்போதே பேச்சு நடக்கிறது. அதை அவர்கள் பேசி முடிக்கும்வரை மனு எழுத வேண்டாம் என்று அக்கா நிறுத்தி வைத்திருக்கிறார்.

இரண்டு ஜூனியர்கள் இந்த வேலையில் சேர்ந்திருக்கிறார்கள். மனு மாதிரிகளைக் கொடுத்திருக்கிறேன். நோட்டு எங்கே இருக்கிறது, யாரைக் கேட்டு எடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சனிக்கிழமைதான் வர முடியும் என்கிறார்கள். சனிக்கிழமை அலுவலகம் இருக்காது. ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. வருவாய்த் துறை கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்கும் ஜமாபந்தி நடப்பது மே, ஜூனில், நம் விடுமுறை நாளில். திங்கட்கிழமை வகுப்புக்கு ஓ.டி. (பணியில் இருப்பதாகக் கணக்கிடும் வருகைச் சலுகை) கிடைக்குமா என்று துறைத்தலைவரிடம் எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வாய்மொழியாக மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.